அல்ட்ராசோனிக் பீலிங்: சிகிச்சைப் படுக்கையில் சாயும் முன் முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்

"மென்மையான தோலுரிப்பு, வலி இல்லை, ஓய்வு தேவையில்லை" என்று அழகு நிலையத்தின் விலைப்பட்டியலில் இருந்ததை நம்பி, ஒரு கேள்வியும் கேட்காமல், பத்து அமர்வுகளுக்கான பணத்தை முதல் நாளே கட்டியவள் நான். இரண்டாவது அமர்வு முடிந்து வீடு திரும்பியபோது வலது கன்ன எலும்பின் மேல் விரல் நீளத்துக்கு எரிச்சலுடன் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நான்காம் நாள் அது பழுப்பாயிற்று. அந்தப் பழுப்பு மங்கி மறைய மூன்று மாதங்களுக்கு மேல் பிடித்தது. தவறில் பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. பருவுக்காக இரவில் அடாபலீன் ஜெல் பூசி வந்ததை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஈரம் காய்ந்துபோன இடத்தில் கருவியின் அதிரும் தகடு ஓடுவதை நன்றாக உணர்ந்தும், தொழில் தெரிந்தவருக்கு நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். மீதி எட்டு அமர்வுகளுக்கான பணம் திரும்பி வரவே இல்லை.

பிறகு வேறோர் இடத்தில், முறையாக விசாரித்துக்கொண்டு, இதே சிகிச்சையைத் தொடர்ந்து செய்து வருகிறேன். இதுவரை ஒரு குறையும் இல்லை. இரண்டு இடத்திலும் கருவி ஏறக்குறைய ஒன்றுதான். இந்தச் சிகிச்சையின் மென்மை தோலில் இருக்கும் ஈரத்தையும், தகட்டின் சாய்வையும், அதைப் பிடித்திருப்பவரின் கையையும் பொறுத்தது என்பதும், இவை மூன்றையும் கவனித்துக்கொள்ளும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது நம் வேலை என்பதும் பணம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதன்முறையாகச் செய்துகொள்ளப் போகிறவர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கருவி என்பது கைப்பிடியில் பொருத்தப்பட்ட, நுனி சற்றே வளைந்த ஒரு மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான். அது நொடிக்கு ஏறக்குறைய 24,000 முதல் 30,000 முறை வரை அதிர்கிறது; மனிதக் காதுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 20,000 என்பதால் இதை மீயொலி என்கிறார்கள். ஈரமான தோலில் தகட்டின் விளிம்பு படும்போது அங்குள்ள நீர் நுண்குமிழிகளாகி உடைந்து, பனிபோலத் தெறிக்கிறது. அந்தத் தெறிப்போடு தளர்ந்துபோன இறந்த செல்களும், எண்ணெய்ப் பசையும், துளைகளின் வாயில் தங்கிய அழுக்கும் மேலெழுந்து வருகின்றன. இந்த வேலை முழுவதையும் செய்வது நீர்தான். நீர் இல்லாவிட்டால் மிஞ்சுவது அதிர்கிற இரும்பும் உராய்வும் சூடும் மட்டுமே.

உரிவது தோலின் மிக மேலான இறந்த அடுக்கில் ஒரு பகுதி மட்டும். அந்த அடுக்கு முழுவதுமே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கனந்தான். இளம் வயதில் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகவும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே இந்தச் சிகிச்சையிடம் எதிர்பார்க்கத் தக்கவை இவைதாம்: தொட்டால் வழவழப்பு, வெளிச்சம் பட்டால் சோர்வு நீங்கிய தோற்றம், ஒப்பனை திட்டுத்திட்டாக நிற்காமல் படிவது, பூசும் க்ரீம் சீராகப் பரவுவது. இந்தப் பலன் ஒன்றிரண்டு வாரம் நிற்கும். மங்கு, பருத் தழும்பின் குழிகள், சுருக்கம், ஆழமான கருமை ஆகியவற்றை இது போக்காது. போக்கும் என்று சொல்லும் நிலையத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றில் பெரும்பாலானவை பிளாக்ஹெட் அல்ல, எண்ணெய்ச் சுரப்பியின் இயல்பான இழைகள். இன்று எடுத்தால் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. "அல்ட்ராசோனிக் ஃபேஷியல்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. தட்டையான தகட்டால் ஈரத்தோலைத் துடைத்தெடுப்பது பீலிங். உருண்டைத் தலையுள்ள கருவியால் ஜெல் தடவித் தேய்ப்பது மசாஜும் சீரத்தை உட்செலுத்துவதும் சார்ந்தது. அதன் அதிர்வு நொடிக்குப் பத்து லட்சம், முப்பது லட்சம் என்ற அளவில் இருக்கும், அதனால் தோல் உரியாது. மூன்றாவதான ஹைஃபு, ஒலியைக் குவித்துத் தோலுக்கு அடியில் பல மில்லிமீட்டர் ஆழத்தில் சூடேற்றி இறுக்கும் முறை. அது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது, விலையும் பலமடங்கு கூடுதல். முன்பதிவு செய்யும்போது "தகடு வைத்துச் செய்யும் பீலிங்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

2. உங்கள் தோலும் உடல்நிலையும் இடம் கொடுக்கின்றனவா என்று பாருங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான், ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கரோ, உடலுக்குள் வேறு மின்னணுக் கருவியோ பொருத்தப்பட்டவர்களுக்கு இது கூடாது. பல கருவிகளில் பீலிங் தவிர, மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் பொத்தான்களும் ஒன்றாகவே இருக்கின்றன. கை தவறி அது அழுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள், முகத்திலோ தாடையிலோ உலோகத் தகடு வைத்து அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், முக நரம்பு வலி அல்லது முகவாதம் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு முன்னெச்சரிக்கையாக மறுப்பதே பெரும்பாலான நிலையங்களின் வழக்கம். அதில் வாதாட வேண்டாம்.

தோலைப் பொறுத்தவரை, சீழ் கோத்த சிவந்த பருக்கள், உதட்டோரக் கொப்புளம், படர்தாமரை, எக்ஸிமா, சொரியாசிஸ், ரோசேஷியா என்னும் நாள்பட்ட முகச் சிவப்பு, வெயிலில் கன்றிய தோல், ஆறாத கீறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் நாளைத் தள்ளிப்போடுங்கள். முகத்தில் மருக்கள் இருந்தாலும் அப்படியே. தகடு ஓர் இடத்துக் கிருமியை முகம் முழுக்க எடுத்துச் சென்றுவிடும்.

அடுத்தது மருந்துகளும் பூச்சுகளும். ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்றவற்றையும், கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்கள் உள்ள சீரங்களையும் அமர்வுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்கிறவர்களிடம், நிறுத்தி ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்று பல நிலையங்கள் கேட்கின்றன. முடிவைத் தோல் மருத்துவரிடம் விடுங்கள். அமிலப் பீலிங், லேசர் ஆகியவற்றுக்குப் பிறகு தோல் முழுதாக ஆறியிருக்க வேண்டும். போடாக்ஸ், ஃபில்லர் ஊசிகளுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வார இடைவெளி விடுங்கள், ஊசி போட்டவர் அதற்கும் மேல் சொன்னால் அதுவே கணக்கு.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசப்படும் சில சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அவற்றை மாதக்கணக்கில் பூசிய முகத்தில் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். அந்தத் தோலுக்கு எந்த உரிப்பும் ஆகாது. க்ரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது, சிவக்கிறது என்றால் முதலில் போக வேண்டிய இடம் தோல் மருத்துவரின் அறைதான்.

மாநிறமும் கறுப்புமான தோலுள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நம் தோலில் சிறு எரிச்சலும் சிராய்ப்பும்கூட ஆறிய பிறகு கருமையான தடத்தை விட்டுச்செல்லும். வெளிறிய தோலில் இரண்டு நாளில் மறையும் சிவப்பு, நம்மிடம் இரண்டு மூன்று மாதக் கறையாக நிற்கும். "கொஞ்சம் அழுத்திச் செய்யட்டுமா, பளிச்சென்று வரும்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

3. நிலையத்தை நேரில் போய்ப் பாருங்கள்

தொலைபேசியில் எல்லா இடமும் நல்ல இடம்தான். நேரில் போனால் முதலில் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். அதை ஓடவிட்டுத் தகட்டின் நுனியில் ஓரிரு சொட்டு நீர் விடச் சொன்னால், அந்த நீர் நொடிப்பொழுதில் புகைபோல மேலெழ வேண்டும். வெறுமனே நடுங்கி, நீர் வழிந்து கீழே விழுந்தால், அது பழுதான கருவி, அல்லது அதிர்வு மோட்டார் பொருத்திய விளையாட்டுச் சாமான். தகட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். அதில் பற்களோ சொரசொரப்போ நெளிவோ இருந்தால் அது தோலைக் கீறும்.

பிறகு சுத்தம். தகட்டைக் கழற்றிக் கொதிக்க வைக்க முடியாது, ஏனென்றால் அதிர்வைத் தரும் பீங்கான் அதனோடு இணைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் பிறகு பசையைக் கழுவித் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலோ அதற்கென்றே விற்கும் கிருமிநாசினியோ தடவி, குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே விட்டுக் காயவைப்பதுதான் வழி. "எப்படிச் சுத்தம் செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியை மட்டும் காட்டினால் அது போதாது, பசை ஒட்டிய தகட்டில் அந்த வெளிச்சம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கடைசியாக, செய்யப்போகிறவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். தகட்டை எந்தக் கோணத்தில் பிடிப்பீர்கள், நடுவில் காய்ந்தால் என்ன செய்வீர்கள், கண்ணுக்கு எவ்வளவு அருகில் போவீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், தெரியாதவர் சான்றிதழ் மாட்டியிருக்கும் சுவரைக் காட்டுவார்.

4. செலவைப் பிரித்துக் கேளுங்கள்

விலைப்பட்டியலில் இருப்பது பெரும்பாலும் தகட்டு வேலைக்கான தொகை மட்டும். நீராவி, முகப்பூச்சு, சீரம் உட்செலுத்துதல், கையால் பிளாக்ஹெட் எடுத்தல் ஆகியவை தனிக் கணக்காக முளைக்கும். முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்போது, "உங்கள் தோல் ரொம்ப வறண்டிருக்கிறது மேடம், இந்த சீரமும் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். கண் மூடிய நிலையில், பாதி உறக்கத்தில், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. ஆகவே படுக்கும் முன்பே, எல்லாம் சேர்த்து இறுதித் தொகை என்ன, அதற்குமேல் எதுவும் சேர்க்கக் கூடாது என்பதைப் பேசி முடித்துவிடுங்கள்.

தொகுப்புச் சலுகைதான் பெரிய பொறி. பத்துக்குக் கட்டினால் இரண்டு இலவசம் என்பது கணக்கில் லாபமாகத் தெரியும். ஆனால் உங்கள் தோல் இதை ஏற்குமா என்பது முதல் அமர்வுக்குப் பின், நியாயமாகப் பார்த்தால் இரண்டாவதற்கும் பின்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒன்றென்று வைத்தாலும் பன்னிரண்டு அமர்வுகளுக்கு எட்டு மாதம் ஆகும். நான் வாங்கிய தொகுப்போ ஆறு மாதத்தில் காலாவதியாவது. ரசீதின் பின்புறம் அது பொடி எழுத்தில் இருந்தது. பணம் கட்டும்போது ரசீதின் முன்புறத்தை மட்டுமே பார்த்தேன். முதல் இரண்டு அமர்வுகளுக்குத் தனித்தனியாகவே கட்டுங்கள். அதன் பிறகு தொகுப்பு வாங்கினாலும் மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம்.

5. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

நீங்கள் எடுத்துப்போக வேண்டியது ஒரு தாள்தான். அதில் இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள், முகத்தில் பூசும் எல்லாப் பூச்சுகளும் அவற்றைக் கடைசியாகப் பூசிய தேதியும், ஒவ்வாமைகள், கடந்த ஆறு மாதத்தில் முகத்தில் செய்துகொண்ட சிகிச்சைகள் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் நினைவில் இல்லாத குழாய்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட நோய் இருந்தால் மருத்துவரிடம் இரண்டு வரிச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நிலையம் உங்களிடம் தர வேண்டியவை வேறு. உடல்நிலை விவரங்களைக் கேட்கும் படிவம் ஒன்று, ஒப்புதல் படிவம் ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து "இங்கே ஒரு கையெழுத்து" என்று நீட்டுவது வழக்கம். நின்று படியுங்கள். "எவ்விதப் பின்விளைவுக்கும் நிலையம் பொறுப்பல்ல" என்ற வரி இருந்தால், அவர்களுடைய கவனக்குறைவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். "முன், பின்" படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற சம்மதம் பெரும்பாலும் அதே தாளின் அடியில் இருக்கும். விருப்பமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். கையெழுத்திட்டவற்றின் நகலோ கைபேசிப் படமோ உங்களிடம் இருக்க வேண்டும். ரசீதில் சிகிச்சையின் பெயர், தேதி, செய்தவரின் பெயர் மூன்றும் இருக்கட்டும். பின்னால் ஏதாவது கேட்கப் போனால் "அன்று யார் செய்தது என்று தெரியவில்லையே" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

6. நாளைக் குறியுங்கள்

திருமணமோ நேர்காணலோ நெருங்கும்போது அதற்கு முந்தைய நாள் முதல் அமர்வை வைத்துக்கொள்ளாதீர்கள். முதன்முறைக்காரர்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே செய்து பார்க்க வேண்டும். பழகிய தோலுக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும். கடற்கரைப் பயணம், நாள் முழுதும் வெயிலில் நிற்கும் வேலை ஆகியவை அடுத்த மூன்று நாட்களில் இல்லாதபடி பாருங்கள்.

பயன்படுத்தப்போகும் ஜெல்லையும் டோனரையும் ஒருநாள் முன்பே, முடிந்தால் இரண்டு நாள் முன்பே, காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே தடவி, அன்றே பத்து நிமிடம் பார்ப்பது சோதனை ஆகாது. ஒவ்வாமை பல சமயம் மறுநாள்தான் தலைகாட்டும். முகத்து முடியை வாக்ஸ் எடுப்பதாக இருந்தால் மூன்று நாளாவது முன்னதாக முடித்துவிடுங்கள். ஆண்கள் முந்தைய நாளே சவரம் செய்துகொள்ளலாம், அன்று காலை வேண்டாம்.

7. அமர்வின்போது விழிப்பாக இருங்கள்

மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதில் தகடு முகத்தில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடந்தான். அரைமணி நேரம் தகட்டாலேயே தேய்க்கிறார்கள் என்றால் அது கணக்கில் மிகை. காண்டாக்ட் லென்ஸ், காதணி, மூக்குத்தி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒப்பனையை நீக்கி முகத்தைக் கழுவிய பிறகு, மிதமான நீராவியோ இளக்கும் ஜெல்லோ சில நிமிடம் வைப்பார்கள். நீராவி சுட்டால் உடனே சொல்லுங்கள். சூட்டால் சிவந்த தோலில் தகடு வைப்பது எரிச்சலைக் கூட்டும்.

அதன்பின் டோனரோ நீரோ தாராளமாகத் தடவி வேலையைத் தொடங்குவார்கள். நெற்றி, மூக்கு, ஒரு கன்னம், மறு கன்னம், தாடை என்று பகுதி பகுதியாகப் போவது முறை. முகம் முழுவதையும் ஒரே தடவையில் நனைத்துவிட்டுத் தொடங்கினால் கடைசிப் பகுதிக்கு வரும்போது அது காய்ந்திருக்கும். கொத்தனார் கரண்டியைச் சாய்த்துப் பிடிப்பதுபோல், தோலுக்கு 45 பாகையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ தகட்டைச் சாய்த்து, விளிம்பை முன்னே வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மறு கையின் விரல்கள் தோலை லேசாக இழுத்துப் பிடித்திருக்கும். தகடு எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. நட்டமாக நிமிர்த்திப் பிடித்தால் விளிம்பு வெட்டும்.

சரியாக நடக்கும்போது உங்களுக்குத் தெரிவது இதுதான்: குளிர்ந்த பொடித்தூறல் இமையிலும் உதட்டிலும் வந்து விழும். தகடு எலும்புக்கு அருகே போகையில் சுவர்க்கோழி கத்துவதுபோல மெல்லிய கீச்சொலி தலைக்குள்ளேயே கேட்கும், மேலுதட்டின் அருகே வந்தால் முன்பற்கள் கூசும். இவை இயல்பு. தூறல் நின்று, தகடு இழுபட்டு, ஓரிடத்தில் சுருக்கென்று சூடு தட்டினால் அது காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியே கையைத் தூக்குங்கள். "காய்ந்துவிட்டது, நனையுங்கள்" என்ற இரண்டு சொல்லைச் சொல்லாமல் விட்டதற்கு நான் மூன்று மாதம் கண்ணாடி பார்த்திருக்கிறேன். நல்ல கைக்காரர் நாம் சொல்லும் முன்பே, ஒவ்வொரு இரண்டு மூன்று இழுப்புக்கும் பஞ்சால் நனைத்துக்கொண்டே போவார்.

கண்ணைச் சுற்றிய எலும்பு வளையத்துக்கு உள்ளே தகடு வரக் கூடாது. இமையில் ஒருபோதும் கூடாது. கழுத்தின் முன்புறம், தைராய்டு இருக்கும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது. மச்சத்தையும் சீழில்லாத சிறு பருவையும் சுற்றிப் போக வேண்டும்.

நடுவில் ஒரு காட்சி கட்டாயம் வரும். தகட்டின் நுனியில் திரண்டிருக்கும் பால்போன்ற சாம்பல் நிறக் குழம்பை உங்கள் கண்ணெதிரே நீட்டி, "பாருங்கள், எவ்வளவு அழுக்கு!" என்பார்கள். அதில் உங்கள் முகத்து எண்ணெயும் இறந்த செல்களும் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சற்றுமுன் அவர்களே தடவிய டோனரும் ஜெல்லும் நீரும் கலந்து நுரைத்தது. சில ஜெல்கள் வெறும் கையால் தேய்த்தாலே உருண்டு திரளும் தன்மையுள்ளவை. அந்தக் குழம்பைப் பார்த்து மயங்கி இன்னொரு சுற்றுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் போனால் அழுக்கு வருவது நின்று தோல்தான் வரத் தொடங்கும்.

பீலிங் முடிந்ததும் முகத்தைக் குளிர்ந்த நீரால் துடைத்து, ஆற்றும் பூச்சு ஒன்றைப் பத்து நிமிடம் வைப்பது நல்ல வழக்கம். சில இடங்களில் தகட்டின் தட்டையான முதுகுப்புறத்தைக் கொண்டு சீரம் தேய்ப்பார்கள். கூட்டும் கழிக்கும் குறியிட்ட பொத்தான்களை அழுத்தினால் அது மின்னோட்ட வகை. வேண்டாம் என்றால் அதைத் தவிர்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உரித்த அன்றே அமிலப் பீலிங்கையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னால் எழுந்துவிடுங்கள். பகல் நேரமானால் சன்ஸ்கிரீன் பூசாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

8. அடுத்த ஐந்து நாள்

லேசான சிவப்பும் இறுக்கமும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அன்று இரவு மென்மையான கழுவலும் வாசனையில்லாத ஈரப்பதக் க்ரீமும் போதும். அன்று ஒப்பனை வேண்டாம். நீராவி அறை, நீச்சல் குளம், வியர்த்துக் கொட்டும் உடற்பயிற்சி ஆகியவற்றை ஒரு நாள் தள்ளிவையுங்கள். ஸ்கிரப், அமில சீரம், ரெட்டினால் வகைகள் ஐந்து நாளுக்குப் பின்தான். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மேகமூட்டத்தை நம்ப வேண்டாம்.

"இப்போது தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும்" என்று சொல்லிப் புதிய சீரம் விற்க முயல்வார்கள். உறிஞ்சுவது ஓரளவு உண்மைதான், ஆனால் அதே காரணத்தால் ஒவ்வாத பொருளும் கூடுதலாக உள்ளே போகும். பழகாத எதையும் இந்த ஐந்து நாளில் முகத்தில் வைக்காதீர்கள்.

9. சிக்கல் வந்தால்

ஒரு நாள் கழித்தும் சிவப்பு தணியவில்லை, கோடாகத் தடம் விழுந்திருக்கிறது, கொப்புளமோ நீர்க்கசிவோ இருக்கிறது, முகம் வீங்குகிறது என்றால், நிலையத்தைக் கூப்பிட்டு வீட்டு வைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். கண்ணோ உதடோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் அவசரச் சிகிச்சைதான். முதல் நாளிலிருந்தே, ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில், தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எரிந்த இடத்தைச் சொரியவோ, மற்ற இடத்தோடு நிறம் சேர வேண்டுமென்று மறுபடி உரிக்கவோ கூடாது. வெயில் படாமல் காப்பதே பழுப்பைக் குறைக்கும் முதல் வேலை.

பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால் வாய்ப்பேச்சில் நிறுத்தாமல் எழுத்தில் கேளுங்கள். ரசீது, ஒப்புதல் படிவத்தின் நகல், தேதியிட்ட படங்கள், மருத்துவரின் சீட்டு ஆகிய நான்கும் இருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு எடை வரும். என்னிடம் ரசீது மட்டும் இருந்தது. மருத்துவரிடம் போனதே மூன்றாம் வாரத்தில்தான், அதற்குள் அது எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

10. அடுத்த அமர்வை எப்போது வைப்பது

எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தோலுக்கு இரண்டு அல்லது மூன்று வாரம், மற்றவர்களுக்கு நான்கு வாரம். வறண்ட, உடனே சிவக்கும் தோலுக்கு அதைவிடவும் தள்ளலாம். வாரந்தோறும் வரச் சொன்னால் அது உங்கள் தோலுக்கான கணக்கு அல்ல. இரண்டு அமர்வுகளுக்குப் பிறகும் விரலால் தடவினால் வித்தியாசம் தெரியவில்லையென்றால், மூன்றாவதில் தெரியும் என்று காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிடலாம்.

வீட்டில் பயன்படுத்தும் சிறு கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேலை அதேதான், ஆற்றல் குறைவு. ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரு கையால் நனைத்தபடி மறு கையால் சாய்வு தவறாமல் தள்ளுவது சொல்லுமளவுக்கு எளிதில்லை. வாங்கினால் முதல் சில நாட்கள் முழங்கையின் உட்புறத்தில் பழகிவிட்டு, அங்கே தடம் விழாமல் வந்த பிறகு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.